காட்டுத் தழை குடற்புழுவுக்கு மருந்தாகுமா?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

போட்ஸ்வானாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் இடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கடிதத்தை அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல்காட்டில் பிறந்தவர். வீட்டில் எப்போதும் ஆடு இருந்திருக்கிறது. கணவரின் வேலைக்காகத் தலைநகர் காபரோன் போனவர், மொலெபொலொலேயைத் தாண்டி ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நான்கு வருடமாக வெள்ளாடு வளர்க்கிறார். அறுபது உருப்படி. பாதி உள்ளூர் ட்ஸ்வானா ஆடு, பாதி போயர் என்ற தென்னாப்பிரிக்கக் கறி ஆட்டு இனத்தின் கலப்பு. போன மழைக்காலத்தில், டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில், ஒன்பது ஆடுகள் செத்துப்போயின. தாடைக்குக் கீழே பை தொங்குவது போல வீக்கம், வெளுத்த கண், எழுந்து நிற்கத் தெம்பில்லை. மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் ஒரே புழு மருந்தைக் கொடுத்தும் சாவு நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான், ஆப்பிரிக்கக் காட்டு மரங்களின் தழையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் குடற்புழுவைக் கொல்லும் என்று படித்திருக்கிறார்.

ஏப்ரலோடு மருந்தை நிறுத்திவிட்டார். ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்து, மோக்கா, மோசு, மோசெலெசெலெ ஆகிய மூன்று மரங்களின் தழையை வெட்டிக் காயவைத்து அரைத்து, மக்காச்சோளத் தவிட்டோடு கலந்து கொடுத்துவருகிறார். தீவனத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தழைத்தூள்தான். போதாததற்கு, தோல் பதனிடப் பயன்படும் வாட்டில் மரப் பட்டைச் சாற்றுப் பொடியையும் வாங்கி ஆட்டுக்கு 50 கிராம் வீதம் சேர்க்கிறார். ஆறு வாரம் கழித்துப் புழுக்கையைச் சோதித்தால் முட்டை எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் புழுக்கை சிறுத்துக் கறுத்துக் கல்லாகிவிட்டது, பால் வற்றுகிறது, குட்டிகள் இளைக்கின்றன. மேய்ப்பராக இருக்கும் உள்ளூர்ப் பெரியவர் “ஆட்டை வெளியே விடுங்கள்” என்று தினமும் சொல்கிறாராம்.

அவர் கேட்பவை: மருந்தை அடியோடு நிறுத்திவிடலாமா? தழைத்தூளை இன்னும் கூட்டலாமா? இந்தத் தூளை இயற்கைக் குடற்புழு மருந்தாக விற்கலாமா? கணவர் சர்க்கரைக்காக அதே தழையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார், அது சரியா?

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வாட்டில் பொடியை இன்றே நிறுத்துங்கள். தழைத்தூளைப் பத்து நாளில் படிப்படியாகக் கால் பங்குக்குக் கொண்டுவாருங்கள். குட்டிகளுக்கும் சினை ஆடுகளுக்கும் இப்போதைக்கு அறவே வேண்டாம். உங்கள் மேய்ப்பர் சொல்வது சரி. ஆடுகளை வெளியே விடுங்கள்.

இதைப் படித்ததும், நீங்கள் படித்ததெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து பலிக்காமல் ஒன்பது ஆடுகளைப் பறிகொடுத்த ஒருவர் வேறு வழி தேடியதில் எந்தத் தப்பும் இல்லை. தேடிய திசையும் சரிதான். அந்தத் தழைகளில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் நமக்குள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆடுகளைக் கொன்றது எது?

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழுவையே காட்டுகின்றன. நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வாழும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தைக் குடிக்கும் என்பது கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. முப்பத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே இரண்டரை லிட்டர் அளவுக்குத்தான் இரத்தம் இருக்கும். இரத்தத்தோடு புரதமும் போய்விடுகிறது, அதனால்தான் தாடையில் நீர் கோத்துக்கொள்கிறது. ஒரு பெண் புழு தினமும் ஐயாயிரத்துக்குக் குறையாமல் முட்டையிடும். மழை ஈரத்தில் ஒரே வாரத்தில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு வளர்ந்து, பனித்துளியோடு புல்லின் மேல் ஏறிவிடும்.

எவ்வளவு உயரம் ஏறும் என்பது முக்கியம். பெரும்பாலானவை தரையிலிருந்து நாலைந்து விரற்கடைக்குள்ளேயே இருக்கும். வெள்ளாடு அதற்கு மேலே வாய் வைக்கும் பிராணி. மோசு மரத்தடியில் பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து, ஒவ்வோர் இலைக்காம்பாக உருவித் தின்னும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்தில் புழுக்குஞ்சு கிடையாது. ஆப்பிரிக்கக் காட்டுத் தழை வெள்ளாட்டுக்குச் செய்யும் முதல் நன்மை இதுதான், இதில் ரசாயனம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் பசும்புல் முளைத்ததும், குறிப்பாக வேலிக்குள் நெருக்கமாக அடைத்த ஆடுகள், தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அறுபது ஆட்டுக்கு உங்கள் நிலத்தில் போதுமான புதர் இருக்கிறதா, மழைக்காலத்தில் அவை எதைக் கடிக்கின்றன என்று ஒருநாள் முழுக்க அந்தப் பெரியவரோடு நடந்து பாருங்கள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் தராத விவரம் அதில் கிடைக்கும்.

டானின் செய்வது என்ன?

வாழைப்பூ மடலைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு பிடித்துக்கொள்கிறதே, அதே வேலைதான். டானின் புரதத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். வாயில் எச்சிலின் புரதத்தோடு ஒட்டினால் துவர்ப்பு. ஆட்டின் பெருவயிற்றில் தீவனப் புரதத்தோடு ஒட்டினால், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புரதத்தைச் சிதைக்க முடியாமல் போகிறது. நான்காம் வயிற்றின் கடும் புளிப்பில் அந்தப் பிடி தளர்ந்து புரதம் விடுபடும், சிறுகுடலில் ஆட்டுக்கு நேரடியாகக் கிடைக்கும். வழியில் வீணாகாமல் வந்து சேர்ந்த இந்தப் புரதம்தான் புழுவோடு போராடும் ஆட்டுக்குப் பெரிய பலம். இழந்த இரத்தத்தை மறுபடி உண்டாக்கவும் நோய் எதிர்ப்புக்கும் அதுதான் கச்சாப் பொருள்.

புழுவின் மீது டானினுக்கு நேரடி வேலையும் உண்டு. உள்ளே போகும் புழுக்குஞ்சு தன் மேலுறையைக் கழற்றிவிட்டுத்தான் வயிற்றில் குடியேற வேண்டும். டானின் அந்த உறையைக் கழற்றவிடாமல் தடுக்கிறது, பெண் புழுவின் முட்டையிடும் திறனையும் குறைக்கிறது. இவை சோதனைச்சாலையிலும் ஆட்டு மந்தைகளிலும் பலமுறை காட்டப்பட்டவை.

ஆனால் எல்லாம் அளவில் இருக்கிறது. உலர் தீவனத்தில் இரண்டு முதல் நான்கு சதவீதம் டானின் இருந்தால் நன்மை. ஐந்து, ஆறைத் தாண்டும்போது ஆடு தின்பது குறையும், தின்றதும் செரிக்காது. பிடித்த புரதத்தை விடாமலேயே புழுக்கையில் கொண்டுபோய்விடும். வெள்ளாடு செம்மறியைவிடவும் மாட்டைவிடவும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் கலவையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடு நாளுக்கு ஒரு கிலோ உலர் தீவனம் தின்கிறது, தழைத்தூளில் 10 சதவீதம் டானின் என்று வைத்துக்கொள்வோம். 700 கிராம் தூளில் 70 கிராம். வாட்டில் பொடியில் பாதிக்கு மேல் டானின்தான், அதிலிருந்து குறைந்தது 25 கிராம். ஆக ஒரு கிலோவில் 95 கிராம், அதாவது ஒன்பதரை சதவீதம். கல் புழுக்கை, வற்றிய பால், இளைத்த குட்டி எல்லாவற்றுக்கும் காரணம் இங்கே இருக்கிறது. கூடவே, டானின் இரும்புச்சத்தையும் பிடித்துவைக்கும். ஏற்கெனவே இரத்தசோகையில் இருக்கும் ஆட்டிடமிருந்து புரதத்தையும் இரும்பையும் பிடுங்குகிறோம்.

முட்டை குறைந்தால் புழு செத்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி “முட்டை குறைந்துவிட்டது, அதனால் மருந்து இனி வேண்டாம்” என்பதுதான்.

முட்டை குறைய மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. டானின் பெண் புழுவை அடக்கியிருக்கலாம், ஆனால் முட்டையிடாத புழுவும் இரத்தம் குடிக்கும். ஆடுகள் பட்டிக்குள் இருப்பதால் புதிதாகப் புழுக்குஞ்சு உள்ளே போகவில்லை. மூன்றாவதுதான் பெரியது. நீங்கள் சோதித்தது குளிர்காலத் தொடக்கத்தில். மே முதல் ஆகஸ்ட் வரை உங்கள் பக்கம் மழை அநேகமாகக் கிடையாது. அந்த வறட்சியில் வெளியே போனால் குஞ்சு பிழைக்காது என்பதால், ஹீமாங்கஸ் ஆட்டின் வயிற்றுச் சுவருக்குள் வளர்ச்சியை நிறுத்தி முடங்கிக் கிடக்கும். மழை நெருங்கும்போது எழுந்து வளர்ந்து மொத்தமாக முட்டையிடும். அப்போதுதான் சினை ஆடுகள் குட்டி போட்டு, எதிர்ப்புச் சக்தி தாழ்ந்திருக்கும். நீங்கள் தழைத்தூள் கொடுக்காமலே இருந்திருந்தாலும் ஜூனில் முட்டை குறைந்துதான் இருக்கும்.

இது தழையின் பலனா, பருவத்தின் பலனா என்று தெரிய வேண்டுமானால், ஒத்த வயதும் எடையும் உள்ள இருபது ஆடுகளை இரண்டாகப் பிரியுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் மேயட்டும். ஒரு பாதிக்கு மட்டும் மாலையில் தழைத்தூள் கொடுங்கள். முட்டை எண்ணிக்கையோடு கண் நிறத்தையும் எடையையும் சேர்த்துப் பதியுங்கள். இதை மழைக்காலத்தில் செய்தால்தான் பயன். காபரோனுக்குப் பக்கத்தில் செபெலேயில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தில் தழைத் தீவனம் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தூளின் டானின், புரத அளவைப் பார்த்துத் தர முடியுமா என்று நேரில் கேளுங்கள்.

எல்லா மரமும் ஒன்றல்ல

ஜிம்பாப்வேயில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று உங்களுக்குப் பயன்படும். ஹீமாங்கஸ் ஏற்றப்பட்ட வெள்ளாடுகளில் ஒரு கூட்டத்துக்கு உங்கள் மோக்கா, அதாவது வசெல்லியா கர்ரூ தழை. இன்னொரு கூட்டத்துக்கு நம் ஊரிலும் இருக்கும் கருவேலந்தழை. மோக்கா தின்ற ஆடுகளில் முட்டை குறைந்தது, புழுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கருவேலந்தழையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டும் துவர்க்கும் வேலமரங்கள்தான், ஆனால் டானினின் வகை வேறு. கருவேலத்தில் உடலுக்குள் உடைந்து சிறு அமிலங்களாகும் வகை மிகுதி. அது அதிகமானால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மோக்காவில் இருப்பது உடையாத, ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வகை. இன்னொன்றையும் கவனியுங்கள். பலன் கொடுத்த மரமே மூன்றில் ஒரு பங்கு புழுவைத்தான் குறைத்தது. மீதி வயிற்றுக்குள்ளேயே இருந்தது. நல்ல துணை, ஆனால் செத்துக்கொண்டிருக்கும் ஆட்டை அது காப்பாற்றாது.

ஒரே மரத்திலும் துளிருக்கும் முற்றிய இலைக்கும், மழைக்கும் வறட்சிக்கும் டானின் மாறும். வெயிலில் காயவைத்தால் செயல்படும் டானின் கொஞ்சம் குறையும். ஆகவே “எத்தனை கைப்பிடி” என்று எவராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

மோசெலெசெலெ என்று நீங்கள் எழுதியிருப்பது நம் ஊர் விடத்தேரையேதான். நீங்களே கண்டுபிடித்து எழுதியிருந்ததைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது. “எங்கள் ஊரில் விடத்தேரை தின்ற ஆட்டுக்குப் புழுவே வந்ததில்லை” என்கிறீர்கள். வந்திருக்கும், ஆனால் தெரிந்திருக்காது. கரிசல் காட்டில் அந்த ஆடுகள் காலையில் ஒரு மரம், மத்தியானம் ஒரு செடி என்று நாள் முழுக்கப் பலதையும் கடித்துத் திரிந்தன. பல மைல் நடந்தன. புழுக்குஞ்சு காய்ந்து சாகும் மண் அது. விடத்தேரை அதில் ஒரு பங்கு.

போட்ஸ்வானாவிலும் மேய்ப்பர்கள் நம்பும் மரம் ஒன்றல்ல. மொட்லோபியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டையோடு வருடம் முழுக்கப் பசேலென்று நிற்கும், கீழ்க்கிளைகளை எல்லாம் ஆடும் மாடும் கடித்துக் குடை மாதிரி ஆக்கியிருக்கும். கலஹாரியில் கிணறு தோண்டியபோது இதன் வேர் 68 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்பது பதிவு. அந்த ஆழத்து ஈரத்தால்தான் ஆகஸ்டிலும் இலை நிற்கிறது. இதில் டானின் குறைவு, புரதம் நிறைய. துவர்ப்பு மிகுந்த மோக்காவையும் துவர்ப்பில்லாத மொட்லோபியையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் கடிக்கும் ஆடு, நாம் தராசு வைத்துச் செய்ய முடியாத கலவையைத் தானே செய்துகொள்கிறது. புழு உள்ள ஆட்டுக்குட்டிகள் டானின் உள்ள தீவனத்தைக் கூடுதலாகத் தேடித் தின்றதை அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் செம்மறிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தேர்ந்தெடுக்க நாலு வகை முன்னால் இருந்தால்தான் அந்த அறிவு வேலை செய்யும். பட்டியில் ஒரே தொட்டியில் ஒரே தூளை வைத்தால், பசிக்கு அதைத்தான் தின்றாக வேண்டும்.

குடு மான்கள் பற்றிய காணொளியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். மரங்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி மான்களுக்கு விஷம் வைத்ததாகச் சொல்வது, சான்றைவிட வெகுதூரம் போன கதை. நடந்தது இது. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், வேலி அடைத்த வேட்டைப் பண்ணைகளில் வறண்ட குளிர்காலங்களில் குடு மான்கள் செத்தன. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வௌட்டர் வான் ஹோவன் ஆராய்ந்து, இலைகளில் டானின் உச்சத்தில் இருந்ததைக் காட்டினார். வயிற்றில் தழை இருந்தது, ஆனால் செரிக்கவில்லை. வேலிக்குள் மாட்டிக்கொண்ட மான்களுக்கு வேறு மரம் தேடிப் போக வழியில்லை. மூன்று மரத்தூளோடு பட்டிக்குள் நிற்கும் உங்கள் ஆடுகளின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

இயற்கையானது என்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மொகாவ் என்ற செடியை உங்கள் மேய்ப்பருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். மணல்வெளியில் தரையோடு தரையாக இருக்கும். மழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில், எல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் பச்சையாகத் துளிர்க்கும். அதில் உள்ள ஃபுளோரோஅசிடேட் என்ற நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. வெளியே விடுங்கள் என்று சொன்ன கையோடு இதையும் சொல்கிறேன். உங்கள் நிலத்தில் மொகாவ் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டு, அந்தப் பகுதியை நல்ல மழை பெய்து மற்ற தழை வரும்வரை அடைத்துவிடுங்கள். மொகோத்லோ மரத்தின் பச்சைக் காயிலும் வெட்டிப்போட்டு வாடிய தழையிலும் சயனைடு உண்டாகலாம். பசியோடிருக்கும் ஆட்டுக்கு மொத்தமாகப் போடாதீர்கள்.

மருந்தை என்ன செய்வது?

வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுவதை விடுங்கள். அந்தப் பழக்கம்தான் மருந்துக்கு அடங்காத புழுவை வளர்த்திருக்கிறது. முதலில் இப்போதுள்ள மருந்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். மழை தொடங்கிப் புழு ஏறிய பிறகு பத்துப் பதினைந்து ஆட்டின் புழுக்கையைக் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். அன்றே அந்த ஆடுகளுக்கு எடைபோட்டு மருந்து கொடுங்கள். பதினான்காம் நாள் மறுபடி எண்ணுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது, வேறு வகைக்கு மாற வேண்டும். ஒன்று கவனம். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். செம்மறிக்கு எழுதிய அளவைக் கொடுத்தால் குறைமருந்தாகிவிடும், அதனாலேயே புழு பழகும். பல மருந்துகளை ஒன்றரை, இரண்டு மடங்கு கொடுப்பது வழக்கம். ஆனால் லெவாமிசோல் என்ற புழு மருந்து ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆட்டையே கொல்லக்கூடும். ஆகவே அளவையும், பாலும் கறியும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் உங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டுக்குக் கொடுப்பது என்பதைக் கண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். ஃபமாச்சா என்று பெயர். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலன் உருவாக்கிய ஐந்து நிற அட்டை, உங்கள் பக்கத்து நாட்டுச் சரக்கு. நல்ல வெளிச்சத்தில் ஆட்டைப் பிடித்து, மேல் இமையைப் பெருவிரலால் மெல்ல அழுத்திக் கீழ் இமையை இறக்கினால் உள்சதை ஒரு கணம் பிதுங்கித் தெரியும். செக்கச்செவேலென்று இருந்தால் ஒன்று. வெளுத்துத் தாள் மாதிரி இருந்தால் ஐந்து. ஒன்றும் இரண்டும் விட்டுவிடுங்கள். நான்கும் ஐந்தும் உடனே மருந்து. மூன்று என்றால் குட்டி, சினை ஆடு, இளைத்த ஆடு ஆகியவற்றுக்கு மட்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் அறுபது ஆட்டுக்கு அரைநாள் போதும். மருந்து பெறாத ஆடுகளின் புழுக்கள் மருந்துக்கு அடங்கும் குணத்தோடு மேய்ச்சலில் கலந்திருப்பது நமக்கு நல்லது. திரும்பத் திரும்ப ஐந்துக்கு வரும் ஆட்டைக் கழித்துவிடுங்கள். உங்கள் மந்தையில் அவற்றில் பெரும்பாலானவை போயர் கலப்பாக இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. உள்ளூர் ட்ஸ்வானா கிடாவை வைத்துக்கொள்வது பற்றி யோசியுங்கள்.

இப்போது இருக்கும் மந்தையில் உடனே எல்லாக் கண்ணையும் பாருங்கள். வெளுத்தது இருந்தால் தழைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வெட்டி வைத்த தழைத்தூள் வீணில்லை. வளர்ந்த ஆடுகளுக்கு மாலைத் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் கொடுங்கள், சூரியகாந்திப் புண்ணாக்கு போன்ற புரதத்தைச் சேர்த்து. டானின் பிடித்துவைக்க ஒரு புரதமும் ஆட்டுக்கு மிஞ்ச ஒரு புரதமும் இருக்க வேண்டும். தழையைவிட மோசு நெற்று இந்தப் பருவத்துக்குப் பொருத்தமானது. உலர்ந்து விழுந்த நெற்றில் 12 முதல் 18 சதவீதம் புரதம் உண்டு. உடைத்துக் கொடுங்கள். முழுசாகப் போட்டால் விதைகளில் பல செரிக்காமலே வெளியே வந்துவிடும். பட்டிக்குள் மோசுக் கன்று முளைக்கிறதே, அப்படி வந்ததுதான். சினை ஆடுகளுக்குக் கடைசி ஆறு வாரம் இந்த நெற்றும் புண்ணாக்கும் கிடைத்தால், குட்டி போட்டபின் புழு ஏறுவதையே பெருமளவு தடுக்கலாம்.

விற்பனையும் கஷாயமும்

தீவனமாக விற்பது ஒரு விஷயம், குடற்புழு மருந்து என்று எழுதி விற்பது வேறு. நோயைத் தீர்க்கும் என்று சொன்ன நிமிடத்தில் அது மருந்தாகிவிடும். போட்ஸ்வானாவில் கால்நடை மருந்துகளும் மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ்தான் வருகின்றன. எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவில் விற்க நினைத்தால் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு வேண்டும். மூட்டைக்கு மூட்டை டானின் மாறும் ஒரு பொருளை நம்பி இன்னொருவர் மருந்தை நிறுத்தி, அவருடைய ஆடுகள் செத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அண்டை நாடான நமீபியாவில் கோடிக்கணக்கான ஏக்கரில் மண்டிவிட்ட முட்புதரை அரைத்து, புரதமும் வெல்லப்பாகும் சேர்த்து வறட்சித் தீவனமாக்குகிறார்கள். அந்த வழியில் யோசித்தால் நேர்மையான தொழில் இருக்கிறது. குத்தகை நிலத்துக்கு வெளியே மரம் வெட்டுவதாக இருந்தால், முதலில் க்வெனெங் நில வாரியத்திடம் கேளுங்கள். அப்புறம், எந்தத் தழை எப்போது நல்லது என்று உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் அந்த மேய்ப்பர். வருமானம் வந்தால் அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் கணவர் கஷாயத்தை நிறுத்தட்டும். நான் ஆட்டு மருத்துவன், அவருடைய சர்க்கரைக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு வயிறுள்ள பிராணிக்கு ஒத்துக்கொள்ளும் தழை மனிதருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எந்த விதியும் இல்லை. இத்தனை நாள் குடித்ததை அடுத்த முறை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, ஹீமோகுளோபினும் ஈரல், சிறுநீரகச் சோதனையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வாரம் கண் நிறத்தைப் பார்த்து அறுபது ஆட்டுக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நவம்பரில் முதல் மழை விழுந்து மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு பட்டியலையும் முட்டைக் கணக்கோடு எனக்கு அனுப்பினால், தழைத்தூளை எந்தெந்த ஆட்டுக்கு எவ்வளவு என்று அப்போது பேசலாம்.